மீன்பெட்டிச் சிறகு

என் முதல் விமானம் மீன் நாறியது.
வாடியில் உடைந்து கிடந்த
ரெஜிபோம் பெட்டியின் மூடியை
சவரப் பிளேட்டால் வெட்டிய சிறகு.
எவ்வளவு கழுவியும் சூரை வாடை போகாது.
முற்றவெளியில் அது இறங்கும் இடத்துக்கு
எங்களுக்கு முன்னால் ஒரு பூனை போய் நிற்கும்.

பஸ்லி வால் செய்வான்.
சைக்கிள் ரியூப்பை நூலாகக் கீறி முறுக்குவான்.
நூற்றுப்பத்துச் சுற்று, பத்தொன்பது வினாடி.
எஞ்சின் கேட்க வாய் வரவில்லை.
ரிமோட் என்ற சொல்லை
வீட்டுக்குள்ளும் தணிந்த குரலில் சொன்ன வருஷங்கள்.

ஒருநாள் நிலாவெளிச் சென்றியில்
பையைத் திறந்த ஆமிக்காரன்
அதன் வயிற்றைத் தட்டினான், முகர்ந்தான்.
"மேக்க மொக்கத?"
பஸ்லிக்குச் சிங்களம் வரும். அன்று வரவில்லை.
அவன் துவக்கை மண்மூடையில் சாய்த்துவிட்டு
விசிறியைத் தானே முறுக்கி
வீதிக்கு மேலே விட்டான்.
வரிசையில் நின்ற எல்லாரும் அண்ணாந்தோம்.
முட்கம்பிச் சுருளில் போய் மாட்டியது.
எடுக்க வேண்டாம் என்றான், கையால்.
எடுக்கவில்லை.

அப்பாவின் விமானத்தை நான் தொட்டதேயில்லை.
அறுபத்தெட்டில் தபாலில் வந்த பால்சா,
சுண்டுவிரல் அளவு டீசல் எஞ்சின்.
ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம் ஈதர்,
மருந்துக்கடையில் ஆமணக்கெண்ணெய்.
பதினைந்து மீற்றர் கம்பியின் நுனியில் அது கத்த
நடுவில் நின்று அவர் சுழல்வார்.
மான்கள் கோட்டைப் பக்கம் ஓடும்.
இறக்கியதும் தலைசுற்றிப் புல்லில் இருப்பார்.
நான் கிட்டப் போனால்
"பெட்டியைப் பூட்டு" என்பார்.
எண்பத்தைந்தில் பெட்டி வீட்டோடு எரிந்தது.
எஞ்சின் மட்டும் கிடைத்தது.
கடைசிவரை அது அவருடைய
கரண்ட் பில்களுக்குப் பாரம்.

லக்சிகா உடைந்ததை ஒட்டுவதில்லை.
அச்சிடுகிறாள்.
இரவு முழுக்க மேசையில் ஒரு மூக்கு வளர்கிறது.
பற்றறிக்குத் தீப்பிடிக்காத பை.
போன் வரைபடத்தில்
சீனன்குடாவைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம்;
அதற்கு வெளியே போக
பஸ்ஸில், மடியில் சிறகுடன், நிலாவெளி தாண்டி.
பொலிஸ் கேட்டால் காட்டக் கடிதம் இருக்கிறது.
கேட்கிறார்கள். வாசிக்கிறார்கள்.
"தங்கச்சியின்ர கலியாணத்துக்குப் படம் எடுப்பீங்களா?"

போன ஞாயிறு, நான் கேட்காமலே,
அந்தக் கறுப்புக் கண்ணாடியை
என் முகத்தில் மாட்டினாள்.
கடல். பனை வட்டுக்குள் ஒரு காகக் கூடு.
வள்ளத்தில் அடுக்கிய வெள்ளைப் பெட்டிகள்.
சென்றி நின்ற சந்தியைத் தேடினேன்.
எல்லாம் கூரை.
பிறகு கரைக்குத் திரும்பியது.
மணலில் ஒரு பிளாஸ்டிக் கதிரை.
அதில் வழுக்கைத் தலையோடு ஒரு ஆள்,
வலது கையை முட்டியாக மூடி,
இல்லாத கம்பி ஒன்றை
இழுத்துப் பிடித்தபடி.

"கையை விடுங்கோ அப்பா,
நான்தானே ஓட்டுறன்."

விட்டேன்.
கொஞ்சம் பிந்தி
அந்த ஆளும் விட்டான்.