ஒற்றைத் தட்டு

முப்பத்தொரு வருஷம் சரக்கு ரயில் ஓட்டியவன்
என் பின்சீட்டில் உட்கார்ந்து
வலது காலால் எதையோ துழாவுகிறான்.
அரை நிமிஷத்துக்கு ஒருமுறை மிதிக்க வேண்டுமாம்.
மிதிக்காவிட்டால்
டிரைவர் செத்துவிட்டான் என்று
ரயில் தானாக நின்றுவிடும்.
"உன் வண்டியில் அந்த மிதி எங்கே, மிலோய்கா?"

இல்லை வொய்கோ.
இதில் இருப்பது நான்தான்.

யெசெனிட்சேயில் புறப்படும்போது சொன்னது கொஞ்சம்:
நான் தலையாட்டாமல் ஏறாதே, இறங்காதே.
வலப்பக்கம் சைலன்சர், சுடும்.
ஒரு கை என் இடுப்பில்,
மறு கை டாங்கில் ஊன்றிக்கொள்,
பிரேக் பிடித்தால் உன் பாரம் என் முதுகில் இறங்காது.
தொடையில் ஒரு தட்டு: மெதுவாக.
இரண்டு: நிறுத்து.
ஏன் என்று கேட்கமாட்டேன்.

முதல் புருஷன் கேட்பான்.
அப்போது பின்சீட்டில் நான்.
தட்டத் தட்ட முறுக்குவான்,
சிரிப்பு மட்டும் காற்றில் பின்னால் வரும்.

வர்ஷிச் கணவாய்க்கு ஐம்பது கொண்டை ஊசி வளைவுகள்,
ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை.
ஏறும் பக்கம் வளைவெல்லாம் கல் பாவியது.
நான் வலப்பக்கம் சாய்ந்தால்
இவன் இடப்பக்கம் நிமிர்கிறான்,
சாய்கிற வீட்டுக்கு முட்டுக்கொடுப்பவன் மாதிரி.
கியர் மாற்றும்போதெல்லாம்
டொக்,
ஹெல்மெட்டில் ஹெல்மெட்.

எட்டாம் எண்ணில் நிறுத்தினேன்.
கையுறையைக் கழற்றினான். உள்ளங்கை நனைந்திருந்தது.
"விழப்போகிறோம் என்கிறது உடம்பு."
உடம்போடு வாதாடாதே, கண்ணுக்கு வேலை கொடு.
வலது வளைவா, என் வலது தோளுக்கு மேலாகப் பார்.
இடதா, இடது தோள்.
நீயாகச் சாயவும் வேண்டாம், எதிர்க்கவும் வேண்டாம்.
யோசித்தான்.
"சிக்னல் பார்ப்பது போல."
ஆமாம், அப்படியே வைத்துக்கொள்.

ஒன்பதில் பழையபடி முட்டு.
பன்னிரண்டில் கொஞ்சம் இளகல்.
பதினைந்தில் ஒரு பால் வண்டி குறுக்கே வர
மறுபடி மரக்கட்டை.
உச்சியில் காப்பி குடித்தோம், பேசவில்லை.

இறக்கத்தில் டொக் சத்தம் நின்றிருந்தது.
இப்போது பயம் எனக்கு.
தூங்கிவிட்டானா?
கண்ணாடியில் பார்த்தேன்:
என் தோளுக்கு மேலே
இரண்டு கண்கள், அகலமாக.

நாற்பத்தொன்று.
கண்ணைக் கட்டிவிட்டாலும் நான் ஓட்டுகிற வளைவு.
தொடையில் ஒரு தட்டு.
ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தினேன்.
திரும்பினால்
அப்பால் ஒன்றுமே இல்லை.
வெயில், காலிச் சாலை,
பைன் மர நிழல் நாலைந்து.
ஏன் என்ற கேள்வி பல்லிடுக்கு வரை வந்தது.
கடித்துக்கொண்டேன்.

நாற்பத்திரண்டில்
அவன் பாரம் என்னோடு சாய்ந்தது,
எனக்கு அரைக் கணம் முன்னால்கூட இருக்கலாம்.

த்ரென்தாவில் ஆறு பச்சையாக ஓடியது.
"மறுபடி மேலே போகலாமா?" என்றபடி,
நான் தலையாட்டும் முன்பே,
வலப்பக்கமாக இறங்கினான்.
கால்சட்டை கருகும் வாசனையை
முதலில் பிடித்தது நான்.