புது நடை

ஒரு மூட்டை யூரியாவுக்குக்கூட
கார்பன் வைத்து மூன்று தாளில் ரசீது எழுதியவள் நான்,
குருவிக்கரம்பை சொசைட்டியில், இருபத்தாறு வருஷம்.
தம்பியிடம் மட்டும் ஒரு துண்டுச்சீட்டு வாங்கவில்லை.

நாலு லட்சத்து முப்பதாயிரம்.
சேமநிதியில் எடுத்தது இரண்டே முக்கால்.
மீதி, சங்கிலியும் ஆறு வளையலும்.
பேராவூரணி சேது ரோட்டில்,
புயலில் மாடி ஷீட் பறந்துபோன வீடு ஒன்று
இறங்கின விலைக்கு வந்திருந்தது.
"வடக்கு ரூம் உனக்குத்தான்க்கா" என்றான் நீலகண்டன்.
ஜன்னலைத் திறந்து காட்டினான்.
பக்கத்துக் கொல்லையில் தலையில்லாத தென்னைகள் நின்றன.
நான் கொக்கி சரியாக விழுகிறதா என்று பார்த்தேன்.

பத்திரம் புவனா பேரில் முடிந்தது.
பெண் பேரில் என்றால் ஏதோ சலுகையாம்.
நானும் பெண்தானே என்று
பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது.

குடிபோன அன்று பந்தல் ஓரம்
கலியமூர்த்தி சித்தப்பா மொய் எழுதினார்.
யார் போய்ச் சொன்னார்களோ,
ஆவணம் செல்லையா ஐநூற்று ஒன்று,
செருவாவிடுதி மாமா வகை இரண்டாயிரம்,
நடுவில்
அக்கா செங்கமலம், நாலு லட்சத்து முப்பதாயிரம்.
மைக்கில் வாசித்தபோது கைதட்டினார்கள்.
எனக்கும் புல்லரித்தது. அதையும் சொல்லியாக வேண்டும்.

வடக்கு ரூமுக்குள் முதலில் இன்வெர்ட்டர் வந்தது,
பிறகு நெல் மூட்டை, பிறகு பையனின் கேரம் போர்டு.
ரிட்டையர் ஆன மாசம் பெட்டியோடு போனேன்.
புவனா காப்பி கொடுத்தாள். எத்தனை நாள் லீவு என்றாள்.
"பங்கா? மொய்யாத்தானே அண்ணி செஞ்சீங்க?
உங்க வீட்டு விசேஷத்துக்கு
ஒத்த ரூபா குறையாம திருப்பிச் செஞ்சிடுவோம்."
தம்பி செல்போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

விசேஷம்.
கழுத்து நீட்டாதவள்.
காது குத்தப் பிள்ளை இல்லை.
குடிபோகலாம் என்றால் வீடு வேண்டும்.
அதற்குத்தானே காசு கொடுத்தேன்.

நாலு பேரை வைத்துப் பேசினோம்.
சித்தப்பா நோட்டைக் கொண்டுவந்து
"எழுத்து என்னுதுதான்" என்று மட்டும் சொன்னார்.
பொறந்த வீட்டுக்குச் செஞ்சதுக்குக் கணக்கு பாக்கலாமா என்றார் மாமா.
அவர் தங்கச்சிக்கு எழுதித் தராத மூணு மா நிலம்
அங்கே யார் நினைவுக்கும் வரவில்லை.
எனக்கு வந்தது. சொல்லவில்லை.

ஆடியில் எங்கள் பக்கம் மொய்விருந்து போடுவார்கள்.
கல்யாணம் காதுகுத்து எதுவும் வேண்டாம்,
பந்தலும் கறிச்சோறும் போதும்.
ஏழு ஆண்கள் சேர்ந்து போட்டதில் எட்டாவதாகச் சேர்ந்தேன்.
பிளெக்ஸில் ஏழு மீசைக்கு ஓரமாக
என் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ.
ஆட்டுக்கும் அரிசிக்கும் என் பங்கு நாற்பதாயிரம்.
இந்தத் தடவை ரசீது வாங்கினேன்.

ஒன்றரை மணிக்கு வந்தான் நீலகண்டன்.
இலையில் உட்கார்ந்து
சோற்றில் குழி பறித்து ரசத்துக்குக் காத்திருந்தான்,
சின்ன வயசில் போலவே.
நானே ஊற்றினேன். "போதும்க்கா" என்றான்.
அவ்வளவுதான் பேச்சு.

கை கழுவி நேராக மொய் மேஜைக்குப் போனான்.
கம்ப்யூட்டரில் இருந்த பெண் நிமிராமல் கேட்டாள்:
"பழைய நடையா, புது நடையா?"

சீட்டு இப்போது என் கையில்.
நீலகண்டன், சேது ரோடு.
பழைய பாக்கி என்ற இடத்தில் ஒரு கோடு.
புது நடை, ரூபாய் பத்தாயிரம்.

தையில் அவன் மகளுக்குச் சடங்கு வைக்கிறார்களாம்.
பத்தாயிரத்தை நான் திருப்பிச் செய்ய வேண்டும்,
மேலே ஒரு நூறாவது கூட்டி.