ஒப்பீட்டுத் தட்டு

மூன்றாந்தரமும் வரவில்லை.

கபிலாஷனின் கட்டுரை சொல்கிறது:
இந்தப் பரம்பரையலகின் வாயைக் கட்டினால்
அடுத்தது மூன்று மடங்கு பேசும்.
நான் கட்டினேன்.
அடுத்தது வழக்கம்போலத்தான் முணுமுணுத்தது.
ஒன்று தசம் ஒன்று. பூச்சியம் தசம் ஒன்பது.
இன்றைக்கு, வெட்கமில்லாமல், ஒன்று.

கலங்களில் பிழையில்லை.
எங்கேயோ யாரோ ஒருத்தியின் மார்பில் முளைத்து,
அவள் செத்தும் தாங்கள் சாகாமல்
குப்பிக்குக் குப்பி பெருகி,
உலர்பனிப் பெட்டிக்குள் உறைந்து,
கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில்
என் மடியில் இருந்து வந்தவை.
வவுனியாவில் ஒருத்தர் கேட்டார், மீனோ பிள்ளை?

வீட்டில் கேட்டால் இரணைமடுவைத்தான் சொல்வேன்.
குளம் ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான்.
எந்தத் துருசை எப்போது திறப்பது,
சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று
கூட்டம் வைத்து, சண்டை பிடித்து, நாள் குறிப்பார்கள்.
புற்றுநோய் என்பது
கூட்டத்துக்கு வராத ஒருவன்
இரவோடிரவாகக் கதவைத் தூக்கிவிடுவது.
அவன் எந்தக் கதவில் கைவைத்தான்,
அவ்வளவுதான் நான் தேடுவது.

மரியறோசா கூட்டிக்கொண்டே கேட்டாள்:
"திரும்பவும் அதையேயா, மிஸ்?"
ஓம். அதே அளவு, அதே நேரம், அதே கலம்.
"ஒருக்காச் சொன்னால் நம்பமாட்டினமோ?"

புருசனை ஏற்றிப்போன பஸ்ஸை
ஐந்து விசாரணைக்குச் சொன்னவள் அவள்.
ஐந்து தரமும் அதே பச்சை,
அதே உடைந்த பின்கண்ணாடி,
ஒரு காலில் மட்டும் செருப்பு.
நியம விலகல் பூச்சியம்.
அதை ஏற்றுக்கொள்ளும் சஞ்சிகை
இன்னும் இல்லை.

நான் பிப்பெற் நுனிகளை எண்ணத் தொடங்கினேன்.

அன்றிரவு ஒஸ்லோவுக்கு அழைத்தேன்.
அங்கே பனி கொட்டுதாம்.
"நான் பொய் எழுதேல்லை" என்றான்
நான் எதுவும் கேட்பதற்கு முன்னமே.
பிறகு, கொஞ்சம் பொறுத்து:
"பழைய கொப்பியைப் பார்."

அலுமாரியின் அடியில் கிடந்தது.
பென்சிலில், பக்கத்தின் ஓரத்தில்,
செல்லரிக்காமல் விட்ட இடத்தில்:
கரண்ட் இல்லை, இரண்டு பத்திலிருந்து ஆறு மட்டும்.
ஜெனரேற்றர் ஒரு பெட்டிக்குத்தான் இழுக்குது.
ஒப்பீட்டுத் தட்டுகள் இதற்குள். மற்றவை அதற்குள்.

கட்டுரையில் இந்த வரி இல்லை.
யாருக்குத் தோன்றும்,
கரண்ட் போவதும் ஒரு மூலப்பொருள் என்று?

அடுத்த கிழமை
ஒரு பெட்டியின் பிளக்கை நானே கழற்றினேன்.
இம்முறை யாருடைய வாயையும் கட்டவில்லை.
கதிரை போட்டு முன்னால் இருந்தேன், நாலு மணித்தியாலம்.
கண்டி வீதியில் லொறி போகும்போதெல்லாம்
குடுவைகள் தங்களுக்குள் கிணுகிணுத்தன.
வெளியே, பாலை மரத்தடியில், ஒரு மயில்
என்னைவிட அவசரமில்லாமல் நின்றது.
தட்டுகளில் ஊடகத்தின் சிவப்பு
மெல்ல மெல்ல
நாவற்பழம் தின்ற நாக்காகியது.

வளைகோடு எழும்பியது.
மூன்று தசம் ஒன்று.

அவன் பொய் எழுதவில்லை.
கலங்களும் பொய் சொல்லவில்லை.
பேசியதெல்லாம் உண்மை. ஆனால்
வாய் கட்டப்பட்ட அயலுக்காக அல்ல,
மூடிய கதவுக்குள் தவித்து.

பேராசிரியருக்கு அனுப்பினேன்.
ஒரு சொல்லில் பதில் வந்தது: ஐயோ.
கபிலாஷனுக்கும் அனுப்பினேன்.
இரண்டு நீலக் கோடு விழுந்து
இன்றைக்கு நாலு நாள்.

கொப்பியில் ஒரு புது நிரல் கீறினேன்,
திகதிக்கும் வெப்பநிலைக்கும் நடுவில்.
தலைப்பு: கரண்ட்.

மரியறோசா விளக்குமாற்றைச் சாத்திவிட்டு
எட்டிப் பார்த்தாள்.
"பென்சில் வேண்டாம், மிஸ்" என்றாள்.