வான் பாய முதல்

பெற்றோலை இறக்கியாயிற்று.
கடைசி அரைப் போத்தல் வர மறுக்க
குழாயை வாயால் உறிஞ்சித் துப்பினேன்,
இப்போது தேத்தண்ணியிலும் அந்த மணம்.

பிரம்டனிலிருந்து கிருபைராசா சொல்கிறான்:
"அக்கா, ஸ்னோ விழ முதல் நாங்கள்
டாங்கை நிரப்பித்தான் வைக்கிறனாங்கள்,
மருந்து ஊத்தி."
இங்கே அந்த மருந்து இல்லை.
நிரப்பி வைத்தால்
தை பிறக்கையில் டாங்க் இருக்கும்.
பெற்றோல் இருக்காது.
கழகத்துக்கென்று அவன் வாங்கி அனுப்பிய மெசின்,
"ஓமடா தம்பி" என்றேன்.

கூட வந்த புத்தகத்தில் ஒரு படம்:
வெள்ளை முற்றம், பூட்டிய கராஜ்.
அங்கே மெசின் படுத்தால் புல்லும் படுக்குமாம்.
முத்தையன்கட்டில்
ஐப்பசி பிறந்தால்தான் புல்லுக்கு விடியும்.
வெட்டவேண்டிய மாதங்களில் இதை இறக்க ஏலாது.
போன மாரி, பிட்சுக்குப் பக்கத்தில்
அச்சுமட்டும் புதைந்து,
புஸ்பாகரனின் லாண்ட்மாஸ்டர் கயிறு கட்டி இழுக்க
மாடுகள் வரிசையாய் நின்று பார்த்தன.

அலகைக் கழற்றினேன்.
உள்ளே அப்பிக் காய்ந்த புல்,
அகப்பையால் சுரண்டச் சுரண்ட
அடிப்பிடித்த கூழ்போலப் பாளம் பாளமாய்.
அலகின் ஓரத்தில் பற்கள் போன இடங்கள்:
இது கல். இது சோடா மூடி.
இது யாரோ விட்டுப்போன கரண்டி.
இது?

வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன்.
கல்தான்.

வேலைக்குக் கேட்டபோது
கழகத் தலைவர் கேட்டார்,
புல்லு வெட்டின அனுபவம் இருக்கோ?
எட்டு வருசம் என்றேன்.
முழங்காலில் நின்று, முகத்தில் கண்ணாடிக் கவசம்,
கத்தரிக்கோலால்
ஒரு சாண் புல், பிறகு கருவி, பிறகு மூச்சு,
பிறகு அடுத்த சாண்.
மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்
பாய் விரிக்கிற அளவு நிலம் துப்பரவானால் நல்ல நாள்.
இதே மைதானம்தான்.
பொடியள் சிக்ஸர் அடிக்கிற அந்த வாகை மரப் பக்கம்
பதினொன்று எடுத்தோம்.
பன்னிரண்டாவது இல்லையென்று எழுதி
நானும் கையெழுத்து வைத்தேன்.

ஆனாலும் மெசின் ஓட்டிய முதல்நாள்
வாகையை நெருங்க
உடம்பு தன்பாட்டில் கதிரையை விட்டு எழும்பிற்று.
எழும்பினால் எஞ்சின் நிற்கும்,
கதிரைக்குக் கீழே அப்படியொரு சுவிச்.
பழுது, பழுது என்று பொடியள் ஓடி வந்தார்கள்.
பிளக்கைப் பார்த்தார்கள். வயரை இழுத்தார்கள்.
மூன்றுதரம் ஓட்டி மூன்றுதரம் நின்றது.
நாலாந்தரம் சீலையின் தலைப்பால்
என்னைக் கதிரையோடு கட்டிக்கொண்டு போனேன்.
அதற்குப் பேர் துணிவில்லை. சம்பளநாள் கிட்ட.

அந்தச் சுவிச்சில் இப்போது எலிப் புழுக்கை.
துடைத்து, வேப்பிலை செருகி,
சில்லுகளுக்குக் கீழே கல் கொடுத்து,
கறையான் ஏறாதிருக்கப் பழைய ஒயில் சுற்றிவர ஊற்றி,
பற்றரியைக் கழற்றி எடுத்தாயிற்று.
அது வீட்டுக்கு வரும். அரிசிப் பைக்குப் பக்கத்தில்
நாலு மாசம் இருக்கும்.
மகள் டினோசிகா ஏற்கெனவே கேட்டுவிட்டாள்,
கரண்ட் போனால் அதில் லைட் போடலாமா என்று.

மூட ஒன்றுமில்லை.
வீட்டில் ஒரு தறப்பாள் கிடந்தது, நீல எழுத்து மங்கி.
அதற்குக் கீழே ஐந்து பேர் படுத்திருக்கிறோம்.
மெசினுக்குக் கொஞ்சம் பெரிது,
மடித்துக் கட்டினேன்.

கட்டுமுன் ஒருதரம் ஏறி இருந்து பார்த்தேன்.
டிக் என்றது சுவிச்.
எழும்பினேன். டிக்.
நிற்பதற்கு எதுவும் ஓடவில்லை.

தகரத்தில் முதல் துளிகள்.
வாகைப் பக்கமாய் மாடுகள் இறங்குகின்றன,
யாருடையது அந்தச் சிவலை?
வேலியை யார் திறந்து விட்டது?