கோட்டுக்கு நேரே

லா ஷோ-து-ஃபோன். கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றர்.
காற்று மெலிந்த ஊர் என்பதால்
யூலையில் ஓட்டக்காரர்கள் ஏறி வருவார்கள்.
கிழமை நாட்களில் நான் கடிகாரத் தொழிற்சாலையில்
கண்ணில் உருப்பெருக்கி செருகி முள் பொருத்துகிறவள்.
ஞாயிறுகளில் ஷாரியேர் மைதானத்துக் கூண்டறையில்
முடிவுக்கோட்டுக் கமராவின் பின்னால்.
சம்பளம் இல்லை. ஒரு சொசேஜ் பாண், ஒரு கோப்பி.

அந்தக் கமராவுக்கு மைதானம் தெரியாது.
ஒரு கோட்டை மட்டும்
நொடிக்கு இரண்டாயிரம் தரம் பார்க்கும்,
பார்த்ததைப் பக்கம் பக்கமாக ஒட்டும்.
படத்தில் இடதும் வலதும் இடமல்ல, நேரம்.
யார் முதலில் என்று
ஒரு செங்குத்து நூலை நகர்த்திச் சொல்வது என் வேலை.
தலை கணக்கில்லை. நீட்டிய கை கணக்கில்லை.
மார்பு மட்டும்.

கோராலி பெரெனூவை அப்படித்தான் முதலில் கண்டேன்:
பதினாறு வயது, நான்காம் தடம், பல்லில் கம்பி.
அவிழ்ந்த சப்பாத்து நாடா
படத்தில் புழுவாய் நெளிந்திருந்தது.
பன்னிரண்டு தசம் பூச்சியம் நான்கு.

பிறகு பதினொன்று தசம் ஏழு.
பதினொன்று தசம் மூன்று எட்டு, அது சூரிச்சில்.
தொலைக்காட்சியில் பார்த்தேன், வெங்காயம் உரித்தபடி,
அதனால் கண்ணீருக்குக் கணக்கில்லை.
ஐந்து தரம் நாட்டின் சம்பியன்.
தபால் நிலையச் சுவரில் யோகட் கிண்ணத்தோடு அவள் முகம்,
கம்பி கழற்றிய பற்கள்.

ஒரு யூலையில் எங்கள் ஊரிலேயே
பத்து தசம் ஒன்பது எட்டு.
மைதானம் எழும்பி நின்றது.
காற்றுமானி: இரண்டு தசம் மூன்று.
இரண்டைத் தாண்டினால் சாதனை செல்லாது.
மூச்சிரைக்கக் கூண்டறைக்கு ஏறி வந்தாள்.
"யோகா, காற்றைத் திரும்ப அள."
என் பெயர் யோகமலர்.
பாதிதான் அவர்கள் வாய்க்குள் போகும்.
"அந்தக் காற்று இப்போது பிரான்சில் இருக்கும்" என்றேன்.
சிரிக்கவில்லை. கொஞ்சம் கழித்துச் சிரித்தாள்.
படத்தில் ஒரு பிரதி கேட்டு வாங்கி
ஈரச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினாள்.

அடுத்த ஆண்டு ஐரோப்பிய இறுதியில்
வெண்கலம் நூற்றிலொரு நொடியால் போனது.
இலக்கண வகுப்பில் படித்திருக்கிறேன்,
கண்ணிமைக்கும் பொழுது ஒரு மாத்திரை,
மெய்யெழுத்துக்கு அதில் பாதி.
அவள் இழந்தது ஒரு மெய்க்கும் போதாது.
'க்' என்று நாக்கு எழும்பவே எழும்பாது.

பின்தொடை கிழிந்தது. இரண்டு குளிர்காலம்.
பேர்னில் வெடிக்கு முன் புறப்பட்டாள்;
சிவப்பு அட்டை, சப்பாத்தைக் கையில் பிடித்து
வெறும் காலுறையோடு நடந்து போனாள்.
பதினொன்று தசம் நான்கு. பதினொன்று தசம் எட்டு.

வேகமாய் வருபவர்கள் என் படத்தில் ஒல்லி.
தாமதிப்பவர்கள் கோட்டெதிரே கூடுதல் நேரம் இருப்பதால்
அகலமாய் விழுவார்கள்.
ஒரு மழை இரவில் பழைய படங்களை அடுக்கிப் பார்த்தேன்.
அம்பாய் இருந்தவள்
மயிரிழை மயிரிழையாய் அகன்றிருந்தாள்.
தோற்கத் தோற்க அவளுக்கு என்னிடம் இடம் கூடியிருக்கிறது.
இதை யாரிடம் சொல்வது, எந்த மொழியில்.

கடைசி ஓட்டத்தில் ஆறாவது.
பூங்கொத்து கொடுத்தார்கள், பிளாஸ்டிக் உறை கழற்றாமல்.

இந்த யூனில் கமராவை நேர்ப்படுத்த
கோட்டின் மேல் ஆள் தேவைப்பட்டது.
அவள்தான் வந்தாள், சிவப்பு மழைச்சட்டை,
பையில் உடற்கூற்றுப் பாடப் புத்தகம்;
முப்பத்து மூன்றில் மாணவி.
நின்றாள். கமராவை ஓடவிட்டேன்.

கீழே தடத்தின் நீலம், வெள்ளைச் சப்பாத்து,
சிவப்பு, தோல், வைக்கோல் நிறத் தலைமுடி:
கிடைக்கோடுகளாய் வந்துகொண்டேயிருந்தாள்.
முகமில்லை. தொடக்கமில்லை.
சிவப்பின் மேல்விளிம்பு மட்டும்
ஏறி, இறங்கி, ஏறி.
தோள். அதற்குள் மூச்சு.

"போதுமா?" கீழிருந்து கத்தினாள்.

போதும்தான். கமரா சரியாகவே இருந்தது.
"இன்னும் கொஞ்சம் நில்" என்றேன்.