சேதாரம்

செவ்வாய்ப்பேட்டையில் எனக்கு வேலை.
காலையில் வெள்ளியை நிறுத்துக் கொடுப்பேன்
மாலையில் கொலுசை நிறுத்து வாங்குவேன்
நடுவில் குறைவதற்குப் பெயர் சேதாரம்.
நூற்றுக்கு இவ்வளவு என்று கணக்கு உண்டு.
மிஞ்சினால் பட்டறைத் தரையைக் கூட்டச் சொல்வோம்.
கூட்டிய மண்ணையும்
விலை பேசி அள்ளிப் போக ஆள் வருவான்.

அஸ்தம்பட்டியில் பல் டாக்டர் மெஹ்ருன்னிசா
கண்ணாடியைத் திருப்பிக் காட்டினார்.
கொத்தாமல் விட்ட அம்மி போல
வழுவழுவென்று என் கடைவாய்.
"அரை மில்லி போயிருக்கு."
அது எத்தனை கிராம் என்று கேட்கலாம் என்றால்
வாய்க்குள் அவர் விரல்.
திரும்பி வரும் பஸ்ஸில், நாலு ரோடு சிக்னலில்தான் உறைத்தது:
கூட்டி எடுக்கத் தரையே இல்லை.
அத்தனை தூளையும்
நானேதான் விழுங்கியிருக்கிறேன்.

ஒரு வருஷமாகக் கேட்கிறதாம் பூபதிக்கு.
"மில்லுல கிழங்கு அரைக்கிற சத்தம்
காதுலயே தங்கிப்போச்சுன்னு நெனச்சேன்."
எழுப்பியிருக்கலாமே என்றேன்.
"நல்லாத் தூங்கிட்டு இருந்தியே."

நைட் கார்டு போடணுமாம் என்றதும்
பாலிஷ் போடும் சகுந்தலா கேட்டாள்:
"உங்க தெருவுக்கா? மாசம் எவ்வளவு குடுக்கறீங்க?"
வாய்க்கு என்றேன்.
சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தி
"முதலாளி பேசறப்ப காவலுக்கு நிக்குமா?" என்றாள்.

முதலில் வாங்கியது மலிவு. போனில் பார்த்து வரவழைத்தது,
பெட்டியில் இரண்டு, முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய்.
வெந்நீரில் போட்டெடுத்துக் கடித்தால்
பல்லின் அச்சு விழும் என்று படம் போட்டிருந்தது.
டீ போடும் பாத்திரத்தில் கொதிக்கவிட்டேன்.
ஒரு நிமிஷம் கூடிப்போய்
முதலாவது அப்பளமாய்ச் சுருண்டது.
இரண்டாவது சரியாகத்தான் உட்கார்ந்தது.
பத்தொன்பதாம் நாள் காலை
அதில் ஒரு ஓட்டை, தலையணையில் ஒரு துணுக்கு.

மறுபடி அஸ்தம்பட்டி. மேஜைமேல் மூன்று.
ஒன்று மெத்தென்று மடங்கியது, விரலுக்கே இதம்.
"சில பேருக்கு இது மெல்லணும்னு தோணிடும்" என்றார்.
ஒன்று கெட்டி, நகத்தால் தட்டினால் சத்தம் வந்தது.
"மொத வாரம் அடுத்தவங்க வாய் மாதிரி இருக்கும்."
மற்றது உள்ளே மெத்து, வெளியே கெட்டி.
முதலாளியின் அப்பாவை அப்படித்தான் சொல்வார்கள்,
நான் வெளிப்பக்கம் மட்டுமே பார்த்திருக்கிறேன்.

எதைப் போட்டால் கடிக்கிறது நிற்கும் என்றேன்.
"எதுவும் நிறுத்தாதுங்க.
பல்லுக்குப் பதிலா அது தேயும், அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவர் சொன்ன இடத்தில்
எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

தம்பிக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்று
பூபதி சொன்னது நினைவிருக்கிறது:
"ஆறே மாசம், பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டா போதும்."
தம்பி ஓசூரில் எங்கேயோ. பைனான்ஸ்காரர் வாசலில்.
ஆறு மாதம் இருபத்தாறு ஆகிவிட்டது.
சொன்னபடியே செய்திருக்கிறேன்,
தூக்கத்தில்கூட
ஒரு நாள் விடாமல்.

கெட்டியே குடுங்க என்றேன்.
ஆறாயிரத்து ஐநூறு, மூன்று தவணை.
புதினா வாசனையோடு ஒரு களியை வாயில் அப்பி
அசையாதீங்க என்றார்கள். அசையவில்லை.
அச்சில் வார்த்த பல்வரிசையைக் கேரி பேக்கில் போட்டு
என்னிடமே கொடுத்துவிட்டார்கள்.
சுண்ணாம்பு நிறத்தில் ஒரு வாய்.
அதை எங்கே வைப்பது என்று தெரியாமல்
கேஸ் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

முதல் வாரம் அடுத்தவர் வாய்தான்.
எட்டாம் நாள், பட்டறையில் யாரும் வருவதற்கு முன்
அதைக் கழுவி, துடைத்து, வெள்ளித் தராசில் வைத்தேன்.
நாலு கிராம் இருநூற்றுப் பத்து மில்லி.
பேரேட்டின் கடைசிப் பக்கத்தில்
தேதி, பெயர், கொடுத்த எடை எழுதினேன்.
வாங்கிய எடையும் சேதாரமும் எழுதக்
கோடு மட்டும் கிழித்து வைத்திருக்கிறேன்.