ஈறு

சூர் கடற்கரைக்கு இரண்டு சந்து தள்ளி எங்கள் கிளினிக்.
ஏ.சி. சொட்டும் நீருக்குக் கீழே பெயிண்ட் டப்பா.

ஹுமைத், பன்னிரண்டு வயது, வாய் திறந்தான்.
பல் இல்லை.
இருக்கிறது, தெரியவில்லை.
வெளிறிய ரோஜா நிறத்தில்
குதிகால்போல் கெட்டியாக
ஈறு மட்டும்.
உதடுகள் ஒன்றையொன்று தொட்டு நாளாகியிருந்தது.

வலிப்புக்கு மாத்திரை தின்கிறானா? லா.
ரத்தம் கசியுமா? லா.
அரபியில் கேட்டு
டாக்டர் ஃப்ளோரினுக்குத் தமிழில் சொன்னேன்.
அவர் கருவியைக் கீழே வைத்துவிட்டு
"கையைக் காட்டச் சொல்லு" என்றார்.
வாய் பார்க்க வந்தவனின் கையை.

பெருவிரல் இரண்டிலும் நகமில்லை.
ஊறிய பட்டாணிபோல் தோல்.
உடனே பைக்குள் போய்விட்டன விரல்கள்.

எக்ஸ்ரேயில் எல்லாப் பல்லும் இருந்தன,
கேம்ப் வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும் ஆட்களாக
ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து.

நோயின் பெயர் நீளம்.
டாக்டர் படித்த புத்தகத்தில் அதற்கு அரைப் பக்கம்.
எழுதி, ரத்தத்தோடு மஸ்கட்டுக்கு அனுப்பினார்.
"வீட்டில் வேறு யாருக்காவது?"

அம்மா ஷைக்கா பதில் சொல்லவில்லை.
அபாயாவுக்குள்ளிருந்து ஒரு கை வந்தது.
விரல்நுனியெல்லாம் மருதாணிக் கறுப்பு.
அழகுக்கென்று நினைத்திருந்தேன்.
பெருவிரலில் அந்தக் கறுப்புக்குக் கீழே
நகமில்லை.
பிறகு முகத்திரைக்குப் பின்னால் ஒரு 'டக்'.
செட்டுப் பல்லைக் கழற்றி டிஷ்யூவில் வைத்தாள்.
பதினாறு வயதில், கல்யாணத்துக்கு முன்,
மொத்தத்தையும் பிடுங்கிவிட்டார்களாம்.
அன்றைக்கு யாரும் கையைக் கேட்கவில்லை.

நான்கு புதன்கிழமை.
வாரத்துக்குக் கால் வாய்.
டாக்டர் வெட்ட, நான் உறிஞ்சுகுழல் பிடித்தேன்.
சூடு வைத்த இடத்தில் மயிர் கருகும் வாடை.
ஒரு துண்டு மட்டும் புட்டிக்குள், பரிசோதனைக்கு.

ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தைச் சொல்லத் தெரியாமல்
எட்டாம் வகுப்பில் அடி வாங்கியவன் நான்.
ஈறு என்றால் முடிவாம்.
இந்த ஈறுக்கு அது தெரியாது.
மறுபடி வளரும், மறுபடி வெட்டணும்.
அதையும் மறைக்காமல் அரபியில் சொன்னேன்.
ஷைக்கா கேட்டது ஒன்றுதான்:
"பிடுங்க வேண்டியதில்லையே?"
லா.

கடைசிப் புதன் ஹுமைத் கண்ணாடி கேட்டான்.
முன்பல்லின் விளிம்பில் ரம்பப் பற்கள்,
ஒருநாளும் எதையும் கடித்துத் தேயாதவை.
ரொட்டி கடிக்கலாமா என்றான்.
இன்னும் எட்டு நாள் போகட்டும் என்றேன்.

பையிலிருந்து கையை எடுத்து
விரல் விட்டு எண்ணினான்,
பெருவிரலில் தொடங்கி.